கழற்றிச் சுத்தம் செய்த கேமரா ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பரணில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவுக்கு இப்போது திடீர் மவுசு. கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் 2006, 2008 காலத்துக் காம்பாக்ட்டைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். எடுத்த படத்தில் வானம் முழுக்க நாலைந்து கரும்புள்ளி. படத்தைப் பதியும் சிப்பான சென்சாரில் தூசி என்று தெரிந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார்கள். கழற்றும்போது எல்லாம் நன்றாகத்தான் போகும். பூட்டி முடித்து, பேட்டரியைப் போட்டு, பட்டனை அழுத்தும்போதுதான் விஷயம் தெரியும். மூச்சே இருக்காது, அல்லது லென்ஸ் பாதி வந்து நின்று 'லென்ஸ் எரர்' என்று காட்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஓடும், படம் மட்டும் ஊதா நிறத்தில் வரும்.

நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். இதுவரை பதினைந்து, இருபது கேமராக்களைத் திறந்திருப்பேன். அதில் மூன்றைக் கொன்றே விட்டேன். திறப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த கேமரா மூடியபின் ஓடவில்லை என்றால், சிப் போச்சு, போர்டு போச்சு என்று கிளம்பாதீர்கள். உங்கள் கை போன வழியிலேயே பழுதும் இருக்கும். கடைசியாகத் தொட்டதை முதலில் பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் லென்ஸ் உள்ளே மடங்கும் சிறு காம்பாக்ட்களுக்கு. லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஎஸ்எல்ஆரில் சென்சாரைத் துடைக்க உடலைப் பிரிக்கத் தேவையே இல்லை. மெனுவிலேயே கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறது.

மறுபடி திறக்கும் முன்: பிளாஷ் கெபாசிட்டர்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இன்னொரு தடவை திறக்கத்தான் போகிறீர்கள். பிளாஷுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் தடிமனில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும்; பிளாஷுக்கான மின்சாரத்தைச் சேமித்து வைப்பது அதுதான். அதில் சுமார் 300 வோல்ட் நிற்கும். பேட்டரியை எடுத்துவிட்டாலும் அது உடனே இறங்காது. சோதனைக்காக ஒருமுறை ஆன் செய்திருந்தால் மறுபடி நிரம்பியிருக்கும்; அதனால் "நேற்றே டிஸ்சார்ஜ் செய்துவிட்டேனே" என்ற கணக்கு செல்லாது. நான் வாங்கிய அடி தோள்பட்டை வரை ஏறியது. கையிலிருந்த கேமரா மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு காலிலும் வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பொறி பக்கத்துச் சிப்பைக் காவு வாங்கிவிடும். 230 வோல்ட்டில் எரியும் 15 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயரை நீட்டி, நுனியை மட்டும் விட்டு மீதியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கெபாசிட்டரின் இரண்டு காலிலும் அந்த நுனிகளை வைத்தால் பல்பு ஒரு கணம் மினுக்கி அணையும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. அப்புறம் மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட்டில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

பாதிப் பழுது பிளாட் கேபிளில்தான்

கீழே வரும் அறிகுறிகளில் பல இங்கேதான் கொண்டுவந்து விடும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காம்பாக்ட்டுக்குள் வயர் குறைவு. ஆரஞ்சோ பழுப்போ நிறத்தில், காகிதம் போல மெல்லிய பிளாட் கேபிள்கள்தான் அதிகம். அவை நுழையும் கனெக்டர்களில் பூட்டு இருவகை. ஒன்றில், சின்னக் கறுப்பு மூடி கதவு மாதிரி நிமிரும், படுக்கும். இன்னொன்றில், இரண்டு ஓரத்திலும் காது நீட்டிக்கொண்டிருக்கும்; அந்தக் காதுகளைப் பிடித்து 1 மி.மீ. அளவு வெளியே இழுத்தால் திறக்கும், உள்ளே தள்ளினால் பூட்டும். பூட்டே இல்லாமல், மேலிருந்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும் ரகமும் உண்டு.

தவறு எப்படி நடக்கிறது? மூடி படுத்திருக்கும்போதே கேபிளைத் திணிப்போம். பாதி நுழைந்து, போனது போலவே தெரியும். அல்லது ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் அரை மில்லிமீட்டர் வெளியேயும் நிற்கும். பல கேபிள்களில் நுனியருகே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு அச்சடித்திருப்பார்கள். அது கனெக்டரின் விளிம்புக்கு நேர் இணையாக, அதை ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கண்ணுக்குச் சரியாகப் பட்டாலும் செல்போனில் மேக்ரோவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு சாய்ந்திருப்பது அதில்தான் தெரியும். பூட்டியபின் கேபிளை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பூட்டு விழவில்லை.

மூடியே உடைந்து போய்விட்டதா? கேபிளின் பின்பக்கம், அதாவது செம்பு தெரியாத பக்கம், நுனியில் சிறு துண்டு கேப்டன் (Kapton) டேப், அதாவது சூடு தாங்கும் மெல்லிய பழுப்பு டேப், ஒட்டி, கொஞ்சம் தடிமனாக்கிச் செருகினால் பிடித்துக்கொள்ளும். அழகான வைத்தியம் இல்லைதான். என் கேமரா ஒன்று இந்த டேப்பின் தயவில்தான் நாலு வருஷமாக ஓடுகிறது.

மூச்சே இல்லை

முதலில் பேட்டரிக் கதவு. கதவு திறந்திருந்தால் கேமரா ஆன் ஆகாது. அதற்காக உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், கதவின் உட்பக்கம் அதை அழுத்த ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கும். அடிப்பக்க மூடி ஒரு மயிரிழை சரியாக உட்காராவிட்டாலும் அந்த முனை ஸ்விட்ச்சைத் தொடாது. கதவைத் திறந்து, பேட்டரி வெளியே வராமல் விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்விட்ச் இருக்கும் ஓட்டைக்குள் பல்குச்சியை விட்டு அழுத்தியபடி ஆன் செய்யுங்கள். உயிர் வந்தால் பழுது கிடைத்துவிட்டது. ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போர்டை மல்டிமீட்டரால் குத்திக்கொண்டிருந்தேன். உடைந்த முனை, துணி விரித்த மேஜையிலேயே கிடந்தது.

அடுத்து, மேல்பக்கம் பவர் பட்டன் இருக்கும் பகுதியிலிருந்து வரும் கேபிள். பின்மூடியைப் பிரிக்கும்போது இது இழுபட்டு வெளியே வருவது சகஜம்.

பென்சில் செல் போடும் கேமரா என்றால், பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவு செல்லில் சோதிக்காதீர்கள். லென்ஸ் மோட்டார் இழுக்கும் கரண்ட்டுக்கு அது தாங்காது. நல்ல ஆல்கலைன், அல்லது சார்ஜ் செய்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வேண்டும்.

இதிலும் சரியாகவில்லை என்றால் பியூஸ். பேட்டரி முனைகளிலிருந்து வரும் கோடு போர்டில் ஏறும் இடத்தில், உடைந்த அரிசி அளவில், மேலே ஒரு எழுத்து பொறித்த சிறு உறுப்பு இருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) நிலையில் அதன் இரு முனையிலும் வைத்தால் பீப் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் போய்விட்டது. பேட்டரியை எடுக்காமலே ஸ்க்ரூ கழற்றியிருப்பீர்கள், ஸ்க்ரூவோ ட்வீசரோ எங்கோ உரசியிருக்கும். அதே அளவு ஆம்பியரில் வேறு போட வேண்டும். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் தேடலாம். பழைய போர்டிலிருந்து எடுத்தும் போடலாம். பியூஸ் இருந்த இடத்தில் கம்பியை வைத்துச் சோல்டர் செய்வதை நான் செய்ய மாட்டேன். லித்தியம் பேட்டரிக்கும் ஷார்ட்டுக்கும் நடுவே போர்டில் இருக்கும் காவல் அது.

ஆன் ஆகி, ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆகிக்கொண்டே இருந்தால் இவ்வளவு தேட வேண்டாம். பவர் பட்டனின் பிளாஸ்டிக் மூடி சாய்ந்து, ஸ்விட்ச்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது. மேல்மூடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நிற்கும்.

லென்ஸ் எரர்

காம்பாக்ட்டைத் திறந்தவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. திரையில் வரும் வார்த்தையை விட்டுவிடுங்கள், காதைக் கொடுங்கள். கேமரா ஆன் ஆகும்போது வரும் சத்தத்திலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. லென்ஸ் தொகுதியிலிருந்து போர்டுக்கு வரும் கேபிளைப் பாருங்கள்.

லென்ஸ் பாதி வந்து, தயங்கி, திரும்பிப் போனால் எதுவோ தடுக்கிறது. முன்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது தடையில்லாமல் வந்தால் லென்ஸில் குறையில்லை. மூடியை மாட்டும்போது கேபிள் ஒன்று நசுங்கியிருக்கும், அல்லது குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நெட்டை ஸ்க்ரூ போயிருக்கும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் கையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் உள்ளே நீட்டி, சுழலும் குழாயைப் பிடித்து நிறுத்திவிடும். இதற்காகத்தான் கழற்றும்போதே ஒரு வெள்ளைத்தாளில் கேமரா படம் வரைந்து, ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே டபுள் சைடு டேப்பில் ஒட்டி வைக்கச் சொல்வது.

மூடி இல்லாமலும் தடுக்கிறது, நறநறவென்ற சத்தமும் கேட்கிறது என்றால் மணல். மெரினாவுக்குப் போய் வந்த கேமராவில் இது இல்லாமல் இருக்காது. சுத்தம் செய்தபோது பிரஷ் போட்டு உள்ளே தள்ளியிருப்பீர்கள். லென்ஸ் நீண்டு நிற்கும் நிலையில் கேமராவைக் குப்புறப் பிடித்து, ரப்பர் புளோயரால் குழாய்களின் இடுக்கில் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிறகு, ரசீதுத் தாள் போன்ற மெல்லிய தாளை நாடா போல வெட்டி, இரண்டு குழாய்களுக்கு நடுவே விட்டுச் சுற்றிவர இழுங்கள். எங்கே தாள் சிக்குகிறதோ அங்கே மணல் இருக்கிறது.

நீளாத லென்ஸைக் கையால் பிடித்துத் திருகக் கூடாது. மோட்டாரின் முனையில் வார்ம் கியர் இருந்தால், மோட்டார் பக்கமிருந்து லென்ஸைச் சுற்றலாம், லென்ஸ் பக்கமிருந்து மோட்டாரைச் சுற்ற முடியாது, பல் உடையும். லென்ஸ் தொகுதி தனியாக வெளியே இருந்தால், ஜூம் மோட்டாரின் இரண்டு முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றைத் தொட வையுங்கள். மெதுவாக நீளும். செல்லைத் திருப்பி வைத்தால் மடங்கும். இப்படி மூன்று தடவை முழுதாகப் போய்வரச் செய்தால் எங்கே முக்குகிறது என்பது கையிலேயே தெரியும். இது ஜூம் மோட்டாருக்கு மட்டும். போகஸ் மோட்டார் ஸ்டெப்பர் வகை. அதற்குச் செல்லைக் கொடுத்தால் சுற்றாது.

'டிக், டிக், டிக்' என்று கியர் தாவும் சத்தம் வந்தால், குழாய்களைப் பிரித்திருக்கிறீர்கள், திரும்ப மாட்டியதில் தவறு. உள்குழாயின் வெளிப்புறத்தில் மூன்று சிறு முனைகள் 120 டிகிரிக்கு ஒன்றாக இருக்கும். அவை வெளிக்குழாயின் சரிவான பள்ளங்களில் வழுக்கிப் போக வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தப் பள்ளத்தில் எதை விட்டாலும் நுழையும். ஆனால் உள்ளே இருக்கும் நேர்வழிகாட்டிக் கட்டைகள் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். ஒரு படி தள்ளி மாட்டினால் பாதி தூரம் ஓடி முட்டிக்கொள்ளும். கழற்றும் முன் மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இழுக்கவில்லையா? மூன்று நிலையிலும் மாட்டிப் பாருங்கள், வேறு வழியில்லை.

இன்னொரு ரகம் இருக்கிறது. லென்ஸ் தடையே இல்லாமல் முழுதாக வரும், ஒரு நொடி நிற்கும், பிறகு எரர். இதில்தான் நான் இரண்டு ராத்திரி தூக்கம் விட்டேன். லென்ஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு சின்ன கருவி ஒளியை அனுப்பும், எதிரே இன்னொன்று வாங்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வந்து மறைத்தால் 'வீடு வந்து சேர்ந்தது' என்று அர்த்தம். மோட்டாரோடு சுற்றும் இறக்கைச் சக்கரம் ஒன்றும் இதே போல ஒளியை வெட்டி வெட்டி எத்தனை சுற்று என்று கணக்குக் கொடுக்கும். அந்த இடுக்கில் ஒரு பஞ்சு நூலோ, கிரீஸ் திட்டோ இருந்தால் கணக்கு தப்பும், கேமரா பயந்து அணைந்துவிடும். என் கேமராவில் அது இயர்பட் பஞ்சின் ஒற்றை நூல். சுத்தம் செய்ய இயர்பட் எடுத்தவன் நானேதான்.

குழாய் வழுக்கவில்லை என்று எண்ணெய் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், துருநீக்கி ஸ்பிரே எதுவும் வேண்டாம். எண்ணெய் ஓரிடத்தில் இருக்காது, ஊர்ந்து, லென்ஸுக்குள் ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் இதழுக்கு வந்து சேரும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கெட்டி கிரீஸை ஊசிமுனையில் எடுத்து, பள்ளத்தில் மட்டும் தடவினால் போதும்.

வீடியோ நன்றாக இருக்கிறது, போட்டோ மட்டும் வெள்ளையாக வருகிறது

மேலே சொன்ன எண்ணெயின் பலன் இது. சிசிடி என்ற வகைச் சென்சார் உள்ள பழைய கேமராக்களில், திரையில் காட்சி காட்டவும் வீடியோவுக்கும் ஷட்டர் இதழ் தேவையில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும், சென்சாரிலிருந்து படத்தை வாசித்து முடிக்கும் வரை இதழ் மூடி இருட்டாக்க வேண்டும். இதழ் மூடாவிட்டால் ஒளி கொட்டிக்கொண்டே இருக்கும். வெயிலில் எடுத்த படம் வெள்ளை வெளேரென்று, கோடு கோடாக வரும்; வீட்டுக்குள் எடுத்தது ஓரளவு தேறும்.

பிளாஷை அணைத்துவிட்டு லென்ஸை உங்கள் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். கண் இமை போல ஒரு சிமிட்டல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இதழில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது, அல்லது ஷட்டர் காயிலுக்குப் போகும் கேபிள் சரியாக மாட்டவில்லை. இதழில் ஈரப் பளபளப்பு தெரிந்தால், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தாள்முனையில் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இதழ் வளையும்.

நேர்மாறாக, பழைய படங்கள் திரையில் தெரிகின்றன, புதிதாக எடுப்பது மட்டும் முழுக் கறுப்பு என்றால், இதழ் மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது சென்சார் கேபிள் கழன்றிருக்கலாம். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஊதா நிறம், குறுக்குக் கோடுகள்

முதலில் படத்தைக் கணினியில் பாருங்கள். கணினியில் நன்றாக இருந்து கேமராத் திரையில் மட்டும் கோடு என்றால் டிஸ்ப்ளே கேபிள். இரண்டிலும் கோடு என்றால் சென்சார் கேபிள். அதைக் கழற்றி நேராகச் செருகினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆகவில்லை என்றால், கேமரா எந்த வருஷத்தது என்று பாருங்கள். 2002 முதல் 2004 வரை தயாரான பல கேமராக்களில் சோனியின் சிசிடி இருந்தது. அவற்றில் சிலவற்றில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் சென்சாருக்குள்ளேயே கம்பி இணைப்பு விட்டுப்போனது. 2005 அக்டோபரில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு, இலவசமாகச் சென்சாரை மாற்றிக் கொடுத்தன. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் கேமரா அந்தக் கூட்டத்தில் ஒன்றானால், திறந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். கை போன வழியில் பழுது என்று நான் சொன்னதற்கு விதிவிலக்கு இது.

இலை இளஞ்சிவப்பாகத் தெரிகிறது

சென்சாரைத் துடைக்கும்போது கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் விழுந்திருக்கும், தேடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெளிர்நீலப் பச்சையாகத் தெரியும். சாய்த்தால் சிவப்பு மின்னும். அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி அது. பல காம்பாக்ட்களில் அது சென்சார் மேல் ஒட்டப்பட்டிருக்காது. ஒரு ரப்பர் சட்டத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். சென்சாரைத் தூக்கியதும் மடியில் விழும், விழுந்ததே தெரியாது.

அது இல்லாவிட்டால் செடிகொடிகள் இளஞ்சிவப்பாகவும், கறுப்புச் சிந்தெடிக் துணி அரக்கு நிறத்திலும் வரும். கூடவே தூரத்துக் காட்சிகள் மங்கும். அந்தக் கண்ணாடி வழியாக வருவதைக் கணக்கில் வைத்துத்தான் சென்சாரின் தூரத்தை அமைத்திருக்கிறார்கள். கண்ணாடி போனால் பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது.

படம் மங்கல், அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கல்

சென்சார் தகட்டை லென்ஸின் முதுகில் மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். சில கேமராக்களில் அந்த ஸ்க்ரூக்கள் போகும் இடத்தில், தகட்டுக்கும் லென்ஸ் முதுகுக்கும் நடுவே மெல்லிய வாஷர்கள் இருக்கும். சிலவற்றில் சிறு ஸ்பிரிங் இருக்கும், ஸ்க்ரூ தலையில் பசைப்பொட்டு வைத்திருப்பார்கள். பசை வைத்த ஸ்க்ரூவைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள் என்பேன். நீங்கள் ஏற்கெனவே கழற்றிவிட்டீர்கள், அதனால் இதைப் படிக்கிறீர்கள். சரி.

எவ்வளவு நுட்பம் தேவை என்று ஒரு கணக்கு. இந்த கேமராக்களின் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம்தான். அதற்குள் லட்சக்கணக்கான புள்ளிகள். 60 லட்சம் பிக்சல் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 0.002 மி.மீ. சென்சார் முன்னே பின்னே 0.01 மி.மீ. நகர்ந்தாலே படத்தில் தெரிய ஆரம்பிக்கும். எம் 1.4 அளவு ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 0.3 மி.மீ. நகரும். அதாவது கால் சுற்றே மிக அதிகம்.

சோதிக்க, நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் விறைப்பாக ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, சுவருக்கு நேராக நிறுத்தி, ஜூம் செய்யாமல், 2 நொடி டைமரில் எடுங்கள். கணினியில் நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கல் என்றால் சென்சார் சாய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் இல்லாத ரகத்தில் அநேகமாகத் தகட்டுக்கும் லென்ஸ் முதுகுக்கும் நடுவில் ஒரு தூசியோ, பழைய பசைத் துணுக்கோ மாட்டியிருக்கும். துடைத்து மாட்டினால் தீரும். ஸ்பிரிங் ரகத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு திருப்பி, மறுபடி படமெடுத்து, எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டீர்களானால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

எல்லா மூலையும் ஒரே அளவில் கெட்டிருந்தால், கிட்டத்தில் இருப்பது தெளிவா, தூரத்தில் இருப்பது தெளிவா என்று பாருங்கள். கிட்டே தெளிவு, தூரம் மங்கல் என்றால் சென்சார் லென்ஸிலிருந்து தள்ளிப்போயிருக்கிறது: ஸ்க்ரூ முழுதாக இறங்கவில்லை, அல்லது மேலே சொன்ன வடிகட்டிக் கண்ணாடி இல்லை. தூரம் தெளிவாக இருந்து மேக்ரோ மட்டும் எடுபடவில்லை என்றால் சென்சார் நெருங்கிவிட்டது, வாஷர் ஒன்று தொலைந்திருக்கிறது. சமையலறை அலுமினியத் தாள் கிட்டத்தட்ட 0.01 மி.மீ. தடிமன்தான், அதை வளையமாக வெட்டி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கலாம். மூன்று ஸ்க்ரூவுக்கும் ஒரே எண்ணிக்கையில்.

மங்கல் என்பதைவிடப் பனி மூடியது போல, விளக்கைச் சுற்றி வெள்ளை வட்டத்தோடு இருந்தால் போகஸ் பிரச்சினையே இல்லை. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் உங்கள் கைரேகை இருக்கிறது.

புள்ளி போகவில்லை, அல்லது கூடிவிட்டது

எதற்காகத் திறந்தோமோ அதுவே மிச்சம் இருப்பதுதான் கொடுமை. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ, ஒளி நுழையக் கேமரா அனுமதிக்கும் மிகச் சிறிய துளையில், எஃப் 8 அளவில், எடுத்துப் பாருங்கள். ஜூம் செய்தாலும் புள்ளி அதே இடத்தில் நின்றால் சென்சார் அல்லது வடிகட்டி மேல் இருக்கிறது. ஜூமோடு சேர்ந்து இடம் மாறி, உருவம் மாறினால் லென்ஸுக்குள். இரண்டும் இல்லாமல், இருட்டில் எடுத்த படத்தில் ஒரு பொட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ மின்னினால் அது தூசியே அல்ல, சென்சாரில் ஒரு பிக்சல் போயிருக்கிறது. அதைத் துடைத்துப் பயனில்லை.

சென்சாரில் எங்கே தேடுவது? பிம்பம் தலைகீழாக விழுகிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து, சென்சாரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தால், படத்தில் மேலே தெரிந்த புள்ளி கீழே இருக்கும். இடது, வலது மட்டும் மாறாது, ஏனென்றால் நீங்கள் எதிர்ப்பக்கமிருந்து பார்க்கிறீர்கள். இது தெரியாமல் வானத்துப் புள்ளிக்காகச் சென்சாரின் மேல்பாதியையே தேய்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு.

சில்லறைத் தொல்லைகள்

திரை இருட்டு, ஆனால் டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது: பின்விளக்குக்குப் போகும் சன்னமான கேபிள் கழன்றிருக்கிறது. கார்டு பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி: கார்டின் ஓரத்துச் சின்னத் தள்ளியைப் பாருங்கள், அது சரியென்றால் கார்டு நுழையும் பொந்தில் ஓரத்துக் கம்பி வளைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கிறது: பேட்டரி இல்லாமல் கிடந்ததால் உள்ளே இருக்கும் சிறு செல் இறங்கியிருக்கும்; பல கேமராக்களில் நல்ல பேட்டரியைப் போட்டு ஒருநாள் வைத்தால் ஏறிக்கொள்ளும். மோடு டயல் ஒரு படி தள்ளிக் காட்டுகிறது, திருப்பும்போது 'கிளிக்' உணர்வும் இல்லை: கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று ஸ்பிரிங்கோடு தெறித்துப் போயிருக்கிறது. தரையைக் காந்தத்தால் துழாவுங்கள். சத்தம் வரவில்லை: ஸ்பீக்கர் வயர் மூடியில் நசுங்கியிருக்கும். பிளாஷ் மட்டும் அடிக்கவில்லை என்றால், நான் அதைத் தேடிப் போவதில்லை. வெயிலில் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் ஓடுகிறது, ஒரு ஸ்க்ரூ மிச்சம்

கேமராவைக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால், மிச்சம் ஒன்றல்ல, இரண்டு. உடனே பேட்டரியை எடுத்துவிட்டுத் திறங்கள்.

சத்தமில்லை என்றால் மிச்ச ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பாருங்கள். மரை அகலமாகவும் கூர்மையாகவும் இருந்தால் அது பிளாஸ்டிக்கில் இறங்குவது. நெருக்கமான மரை என்றால் உலோகத்தில் இறங்குவது. கறுப்பு பூசியது என்றால் பெரும்பாலும் வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கானது. வெள்ளியாக இருந்தால் உள்ளே. என் அனுபவத்தில் தப்பிப்போவது டிஸ்ப்ளேவுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டின் ஸ்க்ரூ, அல்லது ஸ்டாண்டு மாட்டும் உலோகத் துண்டின் ஸ்க்ரூ. முதலாவது இல்லாமலும் கேமரா ஓடும். இரண்டாவது இல்லாமல் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நகர்ந்தீர்கள் என்றால், ஸ்டாண்டு மட்டும் நிற்கும்.